இடது பக்க ஸ்பீக்கர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி வீட்டாரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் ராஜாக்குட்டியும் தலைவலி காய்ச்சல் என்று படுக்காமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். முதலில் நல்ல சேதியை எல்லாம் சொல்லிவிடுகிறேன். தம்பி மகள் வாயாடி இந்தத் தடவையும் காலேஜில் வகுப்பிலேயே முதலாவதாக வந்துவிட்டாள். என்னடி படிக்கிறாய் என்று கேட்டால் ஒயருக்குள்ள சத்தம் எப்படிப் போகுதுன்னு படிக்கிறேன் பாட்டி என்கிறாள், உன் வாய்க்குள்ளிருந்து எப்படி வருகிறது என்று யாராவது படித்தால் நன்றாயிருக்கும் என்று உன் தம்பி சொல்கிறான், ஆனால் மார்க் பேப்பரைப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு அலைகிறவனும் அவன்தான். அவள் தம்பி குண்டு, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவானே, அவன் பள்ளி நீச்சல் போட்டியில் மூன்றாவதாக வந்து ஒரு கோப்பை வாங்கியிருக்கிறான், அதை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து மருமகள் தினமும் துடைக்கிறாள், ஃப்ரிட்ஜைத் துடைக்கமாட்டாள். உன் மகன் வரைந்த படத்துக்குப் பரிசு கிடைத்ததை நான் தையல்காரம்மாவிடமும் பால்காரரிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் சொல்லியாயிற்று. ஏம்மா, போன வாரமே சொன்னீங்களே, இது வேற பரிசா என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். அதே பரிசுதான், இன்னொரு தடவை சொன்னால் தேய்ந்தா போய்விடும் என்றேன். அஞ்சாம் வகுப்போடு நின்றுபோனவள் நான், எழுத்துக் கூட்டித்தான் இதையே எழுதுகிறேன், என் வயிற்றில் பிறந்ததுகளும் அதுகள் பெற்றதுகளும் இப்படி ஒவ்வொன்றாக மேலே வருவதைப் பார்த்தால் தெருவில் நடக்கும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் போகிறது.

இதெல்லாம் போனிலேயே சொல்லக்கூடியதுதான், அம்மா எதற்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. நீ கூப்பிட்டாலே அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இங்க குடு இங்க குடு என்று கையை நீட்டுகிறார், அவரை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது. அதனால் அவர் குளிக்கப் போகும் நேரம், தூங்கும் நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். பாதியில் மை மாறியிருந்தால் அது குண்டு வந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டு போனதால்.

ஹோம் தியேட்டர் வாங்கச் சொன்னாயே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். கண் போனதிலிருந்து அப்பா ரூமை விட்டு வருவதில்லை, டிவி போட்டால் எழுந்து போய்விடுகிறார் என்று நான் அழுதபோது நீதான் சொன்னாய், சுத்திலும் ஸ்பீக்கர் வைக்கிற மாதிரி வாங்கும்மா, யாரு எந்தப் பக்கம் நின்னு பேசறாங்கன்னு அப்பா காதாலேயே பாத்துக்குவாரு, நான் அனுப்பறேன், ஆனா கைக்கு அடக்கமா பாருங்க என்று. உன் நிலைமை தெரியாதா எனக்கு. நானும் வாயாடியும் முதலில் அந்தப் பெரிய கடைக்குப் போனோம். உள்ளே நல்ல குளிர், கழுத்தில் டை கட்டிய ஒரு பையன் எங்களை நேராக விலை கூடினதுகிட்டயே கூட்டிக்கொண்டு போனான், ஒவ்வொரு ஸ்பீக்கரும் என் தோள் உயரம். இதப் போட்டா வீடே அதிரும்மா என்றான். எங்க வீட்டுல ஒரு பிள்ளை ஓடினாலே அதிருதுப்பா, அதிர்றதுக்கு எதுக்குக் காசு குடுக்கணும், பேசறது புரிஞ்சா போதும் என்றேன். அப்புறம் டிவிக்குக் கீழே வைக்கிற நீளக் கட்டை ஒன்றைக் காட்டினான், சவுண்ட்பார் என்று பெயர், விலையும் பரவாயில்லை, எனக்கு அதுவே போதும் போலத்தான் இருந்தது. வாயாடி விடவில்லை. இது சுவத்துல சத்தத்தை அடிச்சு அடிச்சுத்தான் சுத்தி வர்ற மாதிரி காட்டும் பாட்டி, நம்ம ஹால்ல ஒரு பக்கம்தான் சுவரு, இன்னொரு பக்கம் சமையலறை தொறந்து கிடக்கு, சத்தம் நேராப் போய் பாத்திரத்துல விழும் என்றாள். பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கிற வாட் கணக்கையும் நம்பக்கூடாதாம், நடுவில் வைக்கிற ஸ்பீக்கரில்தான் பேச்சு வருமாம், அது தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தால் போதுமாம். டை கட்டின பையனுக்கு முகமே செத்துப்போயிற்று, போய் வேறு ஆளைக் கவனித்தான்.

பக்கத்துத் தெருவில் டிவி ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவர் கடை வைத்திருக்கிறார், அங்கே சின்னச் சின்னதாய் அஞ்சு ஸ்பீக்கரும் தடதட சத்தத்துக்கென்று தரையில் வைக்க ஒரு பெரிய பெட்டியுமாய் ஒரு செட் இருந்தது, நாம் நினைத்த விலைக்குள்தான். சுவரில் ஆணி அடித்து மாட்டிக்கொள்ளலாம், இடம் அடைக்காது. எடுத்துக்கொள்ளலாம் என்று நான் பையைத் திறந்தேன், வாயாடி கையைப் பிடித்துக்கொண்டாள். கேக்கப்போறது தாத்தா, அவரு வந்து உக்காந்து கேட்டுப் பாக்காம நம்ம இஷ்டத்துக்கு வாங்கக்கூடாது என்றாள். அவர் வீட்டு வாசலையே தாண்டுவது சாயங்காலம் என்னோடு ஒரு நடை மட்டும்தான், கடைக்கா வருவார் என்று நினைத்தேன். உன் பேரைச் சொன்னதும் வந்துவிட்டார் தெரியுமா. பாப்பா வாங்கித் தர்றாளா, அப்போ நல்லதாப் பாக்கணும் என்று தம்பியைக் கூப்பிட்டு ஷேவ் பண்ணச் சொல்லி, பெட்டியில் மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். தம்பியும் எங்களோடு வந்தான்.

கடையில் அவர் பண்ணின கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு ஸ்பீக்கரைக் கையில் வாங்கி விரலால் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், மரம் அறுக்கிற மில்லில் காலமெல்லாம் நின்றவர் ஆயிற்றே. இது மரமே இல்லப்பா, தூளைப் பிசைஞ்சு அமுக்கிப் பலகையாக்கி மேல மரம் மாதிரி காகிதம் ஒட்டியிருக்கான் என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, ஐயா கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, வாசல்ல இன்னும் ரெண்டு பேர் வாங்க நிக்கறாங்க என்றார். உங்கப்பாவும் சிரித்தார், அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. அப்போதுதான் சொன்னார், வருஷக் கடைசி லீவுக்கு என் மக வர்றா, அதுக்குள்ள சுவத்துல மாட்டிக் குடுத்துரணும் என்று. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீ வரமாட்டாய் என்று அவருக்குத்தான் நான் எப்போதோ சொல்லிவிட்டேனே. வெளி ஆளுக்கு முன்னால் பெருமைக்குச் சொல்கிறார் போலிருக்கிறது, சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கடைக்காரர் அவரை நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றிலும் ஸ்பீக்கரை வைத்து ஒரு குதிரை ஓடுகிற சத்தத்தைப் போட்டார். நிஜமாகவே குதிரை நம்மைச் சுற்றி ஓடுகிற மாதிரிதான் இருந்தது, நான் காலைக் கூட இழுத்துக்கொண்டேன். ஐயா, குதிரை எங்க வருதுன்னு கை காட்டுங்க என்றார். அப்பா வலது பக்கம் காட்டினார். குதிரை சுற்றி இடது பக்கம் வந்தது, கை வலது பக்கமே நின்றது. மறுபடியும் போட்டார், மறுபடியும் வலது பக்கம்தான். கடைக்காரர், இடது பக்க ஒயர் லூஸாயிருக்கும் என்று கழற்றி மாட்டினார். அப்படியும் அதே. வேறே ஒயர் போட்டார், ஸ்பீக்கரையே மாற்றி வைத்தார், நானும் என்ன இது மட்டமான செட்டாக இருக்கிறதே, இதைப் போய் வாங்கப் பார்த்தோமே என்று முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறேன், உன் தம்பி வேறே கடைக்காரரிடம் நல்ல பீஸா எடுங்க சார் என்று கோபித்துக்கொள்கிறான். வாயாடிதான் போய் இடது பக்க ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தாள். அதில் சத்தம் கணீரென்று வந்துகொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து தாத்தாவைப் பார்த்தாள். கடைக்காரர் ஒயரைச் சரிபார்க்கலாம் என்று அந்த நேரம் சத்தத்தை மொத்தமாக நிறுத்திவிட்டார். கடையே அமைதியாக இருக்கிறது. எல்லாரும் தன் இடது பக்கமாக நடமாடுவது அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது போல, உடனே கையை இடது பக்கம் நீட்டி, ஆமா ஆமா, இப்ப இந்தப் பக்கம் நல்லாக் கேக்குது, பிரமாதம் என்றார்.

அந்த முகத்தை நான் என்னவென்று எழுதுவேன் மகளே. சிரித்த முகமாக, தலையை ஆட்டிக்கொண்டு, இல்லாத சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் வர்றோம் என்று சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம், என்ன வாங்கலியா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதி வாங்கணும் என்று பொய் சொல்லி மறுநாளே தம்பி காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். மில்லில் ரம்பம் எப்போதும் அவருக்கு இடது கைப் பக்கம் ஓடுமாம், அப்படியே அந்தக் காது கொஞ்சம் கொஞ்சமாய்ப் போய், இப்போது அதில் ஒன்றுமே இல்லையாம், இனி வரவும் வராதாம். வலது காது பரவாயில்லை, அதற்கு ஒரு மெஷின் வைத்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து நான் அவர்மேல் விழுந்து பிடுங்கினேன், ஏங்க, இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று. எதுக்குச் சொல்லணும், கண்ணுக்கு நீ அழுததே போதாதா, ஒன்னொன்னுக்கா உக்காந்து அழுவியா என்றார். ஒரு பக்கம் நல்லாத்தானே கேக்குது, இருக்கறத வச்சு ஓட்டிக்கிட்டேன் என்றார். மருமகள் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. சாயங்காலம் நாங்கள் நடக்கப் போவோமே, வலது கையில் கம்பு பிடித்துக்கொள்வார், இடது கையை நான் பிடித்துக்கொள்வேன். கண் போனதிலிருந்து அப்படித்தான். வீட்டில் பேச நேரம் இல்லை, பிள்ளைகள் சத்தம், டிவி சத்தம், அதனால் எனக்கிருக்கிற கதையெல்லாம் அந்த நடையில்தான் அவரிடம் சொல்வேன். மருமகளோடு வந்த சின்னச் சடவு, என் முட்டிவலி, தையல்காரம்மா வீட்டுச் சண்டை, ராஜாக்குட்டி வாங்கின பரிசு, எல்லாம். அவர் ம், ம் என்று கையை அழுத்துவார். இந்த வயதில் புருஷன் இப்படிக் காது கொடுத்துக் கேட்கிறாரே என்று எனக்கு எவ்வளவு நிறைவாக இருக்கும் தெரியுமா. அந்தப் பக்கம் நடந்துகொண்டு நான் சொன்னது தெரு இரைச்சலில் ஒன்றும் அவர் காதில் விழுந்திருக்கவில்லை. நான் வாயசைக்கிறது கூட அவருக்குத் தெரியாது, கை ஆடுகிறதை வைத்து ம் சொல்லியிருக்கிறார்.

நீ வரமாட்டாய் என்பதையும் நான் அங்கேதான் சொன்னேன். உன் ஆபீஸில் ஆட்களைக் குறைக்கிறார்கள், இப்போது லீவு கேட்டால் உன் பேரைத்தான் முதலில் அடிப்பார்கள், அதனால் இந்த வருஷம் முடியாதும்மா, நீயே அப்பாகிட்ட பக்குவமாச் சொல்லிடு என்று நீ போனில் தேம்பினாயே, அன்று சாயங்காலமே மருந்துக்கடைத் திருப்பத்தில் வைத்துச் சொன்னேன். அவர் கையை அழுத்தினார். வீட்டுக்கு வந்து உன்னிடம் கூடச் சொன்னேனே, அப்பா தாங்கிக்கிட்டாரும்மா, நீ மனசைப் போட்டு உழப்பிக்காதே என்று. அது அப்படியில்லை. அவருக்கு நீ வருகிறாய் என்றுதான் கணக்கு, நீ அந்தப் பேச்சையே எடுக்காததால் போனிலும் அது வெளிப்படவில்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து யோசித்தோம். அஞ்சு ஸ்பீக்கர் இனிமேல் எதற்கு. வாயாடி அந்தக் கடைக்காரரிடமே திரும்பப் போய்க் கேட்டாள். எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஸ்பீக்கரில் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு நல்ல ஸ்பீக்கர் போதும், ஐயா நாற்காலிக்கு வலது பக்கம் காது உயரத்துக்கு வைங்க என்று அவரே வந்து ஸ்டாண்டில் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளதிலேயே விலை குறைந்தது அதுதான். அதனால் நீ ஹோம் தியேட்டருக்கென்று அனுப்ப வேண்டாம், முடிந்தால் காது மெஷினுக்கு உதவி செய், இல்லையென்றால் தம்பி பார்த்துக்கொள்வான். அப்பா இப்போது சாயங்காலம் ஹாலில்தான் இருக்கிறார். குண்டு அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டு, தாத்தா, இப்ப வில்லன் கதவுக்குப் பின்னாடி ஒளியறான், இப்ப பல்லைக் கடிக்கிறான் என்று சொல்லிக்கொண்டே பார்க்கிறான். டேய், பல்லைக் கடிக்கறது எனக்கே கேக்குதுடா, நீ கடிக்கறதுதான் என்கிறார். அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தோம், ஆனால் அவர் அதோடு விடவில்லை. எழுந்து கம்பால் தட்டித் தட்டி, தன் நாற்காலிக்கு வலது பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, நடுவில் எவ்வளவு இடம் என்று கையால் அளந்து பார்த்து, இது பாப்பாவுக்கு, யாரும் இத நகத்தக்கூடாது என்று சொல்லிவிட்டார். மருமகள் வீடு பெருக்கும்போது கூட அதைச் சுற்றிப் பெருக்குகிறாள்.

சொல்லாமலேயே விட்டுவிடலாம், லீவு நெருங்கும்போது ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றான் தம்பி. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏற்கெனவே இருட்டில் இருக்கிற மனுஷனைப் பொய்யிலும் உட்கார வைப்பதா. நேற்று சாயங்காலம் நடக்கக் கிளம்பும்போது கம்பை இடது கைக்கு மாற்றுங்கள் என்று சொல்லி நான் வலது பக்கம் வந்துவிட்டேன். பழக்கமில்லாததால் இரண்டு பேரும் முதலில் இடித்துக்கொண்டோம், என்னடி, வயசான காலத்துல பக்கம் மாறுறே என்றார். மருந்துக்கடை வரைக்கும் என் முட்டிவலியைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தேன். அதைத் தாண்டி, தையல்காரம்மா கடை படியில் உட்காரவைத்து, காதுக்குப் பக்கத்தில் குனிந்து, உன் ஆபீஸ் கதையை முழுக்கச் சொன்னேன், பாப்பா இந்த வருஷம் வரலைங்க, அவளுக்கு ஆசையில்லாம இல்ல, வழியில்ல என்றேன். அவர் ம் என்று என் கையை அழுத்தினார். அன்றைக்கு அழுத்தினது போலவேதான் அழுத்தினார். இதுவும் கேட்கவில்லையோ என்று நான் மறுபடி ஆரம்பிக்கப் போனேன். கேட்டுச்சு என்றார். ரொம்ப நேரம் கம்பால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார், ஒரு நாள் இந்தப் பக்கமா நடக்கையில உன் கை நடுங்குச்சு, ஏதோ பெருசா சொல்றேன்னு தெரிஞ்சுது, என்னன்னு கேட்டா காது போனது தெரிஞ்சுருமேன்னு கேக்கல, இதானா அது என்றார்.

நான் அழுதேன். அவர் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த நாற்காலியை எடுக்கட்டுமா என்று மருமகள் மெதுவாகக் கேட்டாள், கிடக்கட்டும்மா, நீ உக்காரு, வலது பக்கம்தானே, நீ பேசறதும் கேக்கும் என்றார். அவள் உட்கார்ந்தாள், பாவம், நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள்.

நீ இதைப் படித்துவிட்டு அழுதுகொண்டு உடனே கிளம்புகிறேன் என்று வேலையை விட்டுவிடாதே, அதற்காக எழுதவில்லை. வேலையைப் பிடித்துக்கொள், மாப்பிள்ளையிடம் கோபப்படாதே, ராஜாக்குட்டியைச் சாப்பாட்டுக்கு அடிக்காதே, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. வாய்ப்பு வருகிற அன்றைக்கு வா. அதுவரைக்கும் போனில் பேசும்போது கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசு, மெஷின் வந்த பிறகும் அப்படியே பேசு. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடியில்லாமல், வேலையும் வீடும் நிலைத்து, நீண்ட காலம் நல்லபடியாக இருக்க அம்மா அப்பா இரண்டு பேரின் வாழ்த்தும் எப்போதும் உண்டு.

ஒன்றே ஒன்று மட்டும் தவறாமல் செய். இதை அப்பாவே இன்று காலையில் என்னிடம் சொன்னார். வரமுடியாட்டிப் போகுது, புதுசா ஒரு போட்டோ அனுப்பச் சொல்லு, பழைய படத்துல என்ன இருக்குன்னு எனக்கு மனப்பாடம், நீ புதுசப் பாத்து எனக்கு இந்தக் காதுல சொல்லு என்றார். போனில் அனுப்பாதே, தொட்டால் ஓடிப்போகிறது, நான் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொல்ல வேண்டும், அதனால் அச்சுப் போட்டுத் தபாலில் அனுப்பு. நன்றாக உடுத்திக்கொண்டு ஸ்டுடியோவில் எடுக்காதே. வீட்டு வாசலில் நில், கதவு தெரியட்டும், பையனைப் பக்கத்தில் நிற்க வை, உன் இடுப்புக்கு வந்துவிட்டானா தோளுக்கு வந்துவிட்டானா என்று அப்பா கேட்பார். பின்னால் என்ன மரம், காலில் என்ன செருப்பு, முகம் இளைத்திருக்கிறதா, எல்லாம் கேட்பார். எதுவும் மறைக்காமல் இருக்கிறபடி எடுத்து அனுப்பு, நானும் இருக்கிறபடி சொல்கிறேன்.

உன் அம்மா